பாம்பன் பாலத்துக் காற்றும் சைலன்சர் சத்தமும்

“சத்தம் இருந்தாத்தாண்ணே பஸ்காரய்ங்க ஒதுங்குறாய்ங்க. கம்பெனி சைலன்சரோட போனா நம்மள ஒரு ஆளாவே மதிக்க மாட்டாய்ங்க.”

ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி என்று எந்த ஊர் மெக்கானிக் கடை வாசலிலும், சைலன்சர் மாற்ற வந்து நிற்கும் தம்பி சொல்லும் நியாயம் இது. கேட்கும்போது அலட்டல் மாதிரி இருந்தாலும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் ‘லவுட் பைப்ஸ் சேவ் லைவ்ஸ்’ என்று ஸ்டிக்கர் அடித்து ஹெல்மெட்டில் ஒட்டிக்கொள்பவர்களும் இதே கட்சிதான். கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்ப மாட்டோம், அதனால் உயிர் தப்பும் என்பது அவர்கள் வாதம். எதிர்க்கட்சியில் தூக்கம் கெட்ட தெருக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள், போலீஸ். இவர்கள் தொந்தரவைப் பேசுகிறார்கள், அவர்கள் உயிரைப் பேசுகிறார்கள். ஒருவர் பேச்சு மற்றவரைத் தொடுவதே இல்லை. தொந்தரவுக் கதை எல்லோருக்கும் தெரிந்தது, அது ஓரமாக இருக்கட்டும். சத்தம் உயிரைக் காக்கிறதா என்பதை மட்டும், அதுவும் தொண்டியிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை உள்ள நம்ம ரோட்டில் வைத்துப் பார்க்கலாம்.

சத்தம் எந்தப் பக்கம் போகிறது

சைலன்சரின் வாய் பின்னால் பார்த்து இருக்கிறது. சொல்லப்போனால் வாதத்தின் பாதி இந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

நிற்கும் வண்டியின் சைலன்சர் சத்தத்தை அளக்க ஒரு முறை உண்டு. வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மைக்கை வைப்பார்கள். உள்ளே தடுப்பு எதுவும் இல்லாத ஒரு சைலன்சர் அங்கே 100 டெசிபல் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 94, 2 மீட்டரில் 88, 4 மீட்டரில் 82, 8 மீட்டரில் 76, 16 மீட்டரில் 70, 32 மீட்டரில் 64. இது பின்பக்கத்துக் கணக்கு. முன்பக்கம் இதைவிடக் குறைவு. எஞ்சின், டேங்க், உட்கார்ந்திருக்கும் ஆள் எல்லாம் குறுக்கே நிற்பதால் ‘சர்ர்’ என்ற கூர்மையான ஒலி முன்னால் வராது. ‘டுப் டுப்’ என்ற அடிச்சத்தம் மட்டும் வளைந்து வரும்.

இப்போது எதிரே ஒரு கார் வருகிறது. கண்ணாடி ஏற்றியிருக்கிறது, ஏசி ஓடுகிறது, பாட்டும் ஓடுகிறது. மூடிய காரின் உடம்பு வெளிச்சத்தத்தில் 20 டெசிபலுக்குக் குறையாமல் தின்றுவிடும். 32 மீட்டரில் இருந்த 64, உள்ளே போகும்போது 44 ஆகிவிடுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் காருக்குள் டயர், ஏசி, பாட்டு எல்லாம் சேர்ந்து 65 டெசிபலுக்குப் பக்கத்தில் இருக்கும். இரைச்சலுக்குக் கீழே 20 டெசிபலில் கிடக்கும் சத்தம் காதில் ஏறாது. நீங்கள் 60, அவர் 60 என்றால் இரண்டு வண்டியும் வினாடிக்கு 33 மீட்டர் நெருங்குகின்றன. அந்த 32 மீட்டர் என்பது ஒரே வினாடி. உங்கள் சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்கும்போது நீங்கள் அவர் கதவுக்கு நேராக இருப்பீர்கள். அதற்கப்புறம் கேட்டு என்ன பயன்?

பஸ்காரர் கதை இன்னும் மோசம். நம்ம டவுன் பஸ், ரூட் பஸ் பலவற்றில் எஞ்சின் டிரைவரின் இடது முட்டிக்குப் பக்கத்திலேயே மூடிக்குள் உறுமிக்கொண்டிருக்கிறது. அவர் நாள் முழுக்கக் கேட்பது அதைத்தான். அவர் ஒதுங்கினால் கண்ணாடியில் உங்களைப் பார்த்து ஒதுங்கினார், அல்லது ஹாரனுக்கு ஒதுங்கினார். புகழ் மட்டும் சைலன்சருக்குப் போய்ச் சேருகிறது.

அப்படியே கேட்டாலும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமே. ஒலி வரும் திசையைக் காது கண்டுபிடிப்பது இரண்டு காதுக்கும் அது வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள நுணுக்கமான வித்தியாசத்தை வைத்து. மூடிய தகரக் கூட்டுக்குள் அடிச்சத்தம் நுழையும்போது எல்லாப் பக்கமும் மோதித் திரும்பி அந்த வித்தியாசம் குழம்பிவிடுகிறது. ‘எங்கேயோ ஒரு புல்லட்’ என்பதற்கு மேல் டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. இடது பக்கம் என்று நினைத்து வலது பக்கம் ஒடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கச்சான் அடிக்கும்போது

இதுவரை சொன்னது காற்றே அடிக்காத ஊருக்கு. நம்ம ஊர் அப்படியா?

1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்கும் அதிக நீளம். இருபுறமும் கடல், மறைப்புக்கு ஒரு மரம் கிடையாது. மண்டபம் பக்கம் மேற்கு, பாம்பன் பக்கம் கிழக்கு. மே மாதத்துக்கு மேல் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கச்சான் அடிக்கத் தொடங்கினால், ராமேஸ்வரத்திலிருந்து மண்டபம் நோக்கி வரும் பைக்குக்கு அது முகத்தில் அறையும் காற்று.

காற்று தரையை ஒட்டி மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் அடிக்கும். அந்த வித்தியாசத்தால் காற்றை எதிர்த்துப் போகும் ஒலி நேராகப் போகாமல் மேல்நோக்கி வளைந்துவிடும். கொஞ்ச தூரத்துக்கு அப்பால் தரைமட்டத்தில் ஒலி விழாத ஒரு நிழல் உண்டாகிறது. காற்றோடு போகும் ஒலி கீழ்நோக்கி வளைவதால் அது தூரம் தூரமாகக் கேட்கும். மேற்கே கூப்பிட்டால் கேட்காத குரல், கிழக்கே நெடுந்தூரம் தள்ளி நிற்பவருக்குக் கேட்பது இந்தக் காரணத்தால்தான். கடலுக்குப் போகிறவர்களுக்கு இது பாடம் படிக்காமலே தெரியும்.

ஆக, கச்சான் நேரத்தில் மண்டபம் நோக்கி வரும் பைக்கின் சத்தம் பெரும்பாலும் பின்னால், பாம்பன் பக்கம் போகிறது. எதிரே தூரத்தில் வரும் வேனுக்கு அது எட்டுவதில்லை. சத்தத்தைக் கேட்டே ஆக வேண்டியவர் எதிரே வருகிறார். அதைக் கேட்பவர்கள் அக்காமடத்திலும் தங்கச்சிமடத்திலும் வீட்டுக்குள் படுத்திருக்கிறார்கள்.

இது போதாதென்று பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி, கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று ரயில் பாலத்தைப் படம் எடுக்கும் கூட்டம். 2025 ஏப்ரலில் புதிய தூக்குப் பாலம் திறந்த பிறகு அதையும் பார்த்தாக வேண்டும் அல்லவா? அவர்கள் முகம் கடல் பக்கம், காதில் காற்று அடைத்திருக்கிறது. கதவு எந்த நேரமும் திறக்கும், செல்ஃபி எடுப்பவர் எந்த நேரமும் பின்னால் ஓர் அடி வைப்பார். அங்கே உதவுவது 30, 40-க்கு இறங்கிய வேகமும் பிரேக் லீவர் மேல் இரண்டு விரலும்தான். பாலத்து இணைப்புகளின் மேல் ஏறும்போது பக்கக்காற்று வண்டியைச் சட்டென்று அரை அடி நகர்த்தும். அந்த நேரத்தில் ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, முட்டியால் டேங்கைக் கவ்வி ஹாண்டிலை இளக்கமாக விட வேண்டும்.

ஆபத்து வரும் திசை

இருசக்கர விபத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளில் மிகப் பெயர் பெற்றது, தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் குழு செய்து 1981-இல் வெளியிட்டது. 900 விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தார்கள். முக்கால்வாசிக்கு மேல் ஆபத்து ஓட்டுபவரின் நேர்முன்னாலிருந்து இருபுறமும் 45 டிகிரிக்குள் இருந்தது. ஆபத்து தெரிந்ததிலிருந்து மோதுவது வரை கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு வினாடிக்கும் குறைவு. மற்ற வண்டிக்காரர் பைக்கைப் பார்க்கவே இல்லை, அல்லது பார்த்தும் மனதில் பதியவில்லை என்பது திரும்பத் திரும்ப வந்த காரணம். சத்தம் போகும் திசை பின்னால், சாவு வரும் திசை முன்னால்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அது அமெரிக்கா, நம்ம ஊரில் பின்னாலிருந்து அடிப்பதும் அதிகம். உண்மைதான். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 44 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பின்னாலிருந்து மோதியவை. பின்னால் போகும் சத்தம் அங்கேயாவது உதவாதா? பின்னால் வரும் லாரிக்காரரின் கண் முன்னால்தான் நீங்கள் ஏற்கெனவே இருக்கிறீர்கள். அவர் கண் அசந்திருக்கிறார், அல்லது இருட்டில் உங்கள் பின்விளக்கு எரியவில்லை, அல்லது எரிந்தும் பிரேக் போட்டதைக் காட்டவில்லை. இவற்றுக்கு மருந்து வேறு, அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

நம்ம பக்கத்துக்கே உரிய இன்னொரு ஆபத்து ஆட்டுக்கிடை. அறுப்பு முடிந்த தரிசுகளை நோக்கி ரோட்டோரமாகச் செம்மறி மந்தை நகரும். சீமைக் கருவேல மறைப்பிலிருந்து திடீரென்று ஏறி ரோட்டைக் கடக்கும். கிடைக்காரர் கம்பை நீட்டி ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருக்கும்போது, ‘டம டம’ என்று ஒரு வண்டி நெருங்கினால் மந்தை கலைந்து இரண்டாக உடையும். முன்பாதி இந்தப் பக்கம், பின்பாதி அந்தப் பக்கம். அப்புறம் பின்பாதி முன்பாதியோடு சேரப் பாயும், அதுவும் உங்கள் முன்சக்கரத்துக்கு நேராக. அமைதியாக இரண்டாவது கியரில் வரும் வண்டிக்கு மந்தை தானே வழி விடும்.

சத்தத்துக்கு ஒரு இடத்தில் பயன் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ராமேஸ்வரம் ரத வீதியிலோ கீழக்கரைச் சந்திலோ, முதுகைக் காட்டி நடந்து போகிறவருக்கு வண்டிச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. அவரைச் சுற்றிக் கண்ணாடியும் இல்லை, ஏசியும் இல்லை. ஆனால் அந்த வேகத்துக்கும் அந்தத் தூரத்துக்கும் கம்பெனி சைலன்சரே போதும்.

உள்ளே என்ன இருக்கிறது, எடுத்தால் என்ன ஆகும்

சைலன்சரை வெறும் அடைப்பு என்று நினைப்பதுதான் முதல் தப்பு. ‘உள்ளே இருக்கிற தகரத்தை எடுத்துட்டா வண்டி ஃப்ரீயா மூச்சு விடும்’ என்பார்கள். எரிந்த வாயு குழாயில் தொடர்ச்சியாக ஓடுவதில்லை. அது துடிப்பு துடிப்பாக வருகிறது. ஒரு துடிப்பு குழாய் அகலும் இடத்தை அடையும்போது அங்கிருந்து ஓர் உறிஞ்சும் அலை திரும்பி எஞ்சினை நோக்கி வரும். அது சரியான நேரத்தில் வால்வு வாசலுக்கு வந்தால் மிச்சப் புகையையும் இழுத்து வெளியேற்றும். எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வளைந்து வரும் பெண்டு பைப்பின் நீளமும் சைலன்சர் அறைகளும் இந்த நேரக்கணக்குக்கு வைத்தவை. அதை மாற்றினால் எஞ்சின் வேகமாகச் சுழலும் மேல் ஆர்பிஎம்மில் கொஞ்சம் ஏறலாம், மெதுவாகச் சுழலும் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போகும். தனுஷ்கோடி ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும் இடத்தில் முதல் கியரில் நிதானமாக உருட்ட வேண்டிய வண்டி, இழுவை இல்லாமல் திக்கும். திக்கும்போது ஆக்சிலரேட்டரை முறுக்குவீர்கள், பின்சக்கரம் மணலைத் தோண்டும்.

ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக்கில் இது இன்னும் கறார். அதன் சைலன்சர், வெளியே ஓடப் பார்க்கும் புதுக்கலவையைத் திருப்பி சிலிண்டருக்குள் தள்ளும் வேலையையும் செய்கிறது. உள் குழாயை உருவி எறிந்துவிட்டு ‘பிக்கப் போச்சுண்ணே’ என்று வந்து நிற்பவர்கள் உண்டு. உள் குழாயைக் கழற்றி கரியைச் சுரண்டி, வயர் பிரஷ் போட்டு மறுபடி மாட்டியிருந்தால் கேட்ட சத்தமும் கிடைத்திருக்கும், பிக்கப்பும் இருந்திருக்கும்.

கார்புரேட்டர் வண்டியில் சைலன்சரை மட்டும் மாற்றி பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றாமல் விட்டால் கலவை நீர்த்துப்போகும், அதாவது காற்று மிகுந்து பெட்ரோல் குறையும். பெண்டு பைப் நீலம் பாரிப்பது, ஆக்சிலரேட்டரை விட்டதும் ‘பட் பட்’ என்று வெடிப்பது, ஸ்பார்க் பிளக் நுனி வெளுத்திருப்பது எல்லாம் இதன் அடையாளம். இப்படியே ஓடினால் எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் கருகும். 2020 ஏப்ரலுக்குப் பின், பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த வண்டியில் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரைப் பார்த்து, பெட்ரோலை அளந்து விடும் கம்ப்யூட்டரான ஈசியு ஓரளவு சரிக்கட்டும். ஆனால் முழு ஆக்சிலரேட்டரில் அது சென்சாரைக் கேட்பதில்லை, உள்ளே எழுதி வைத்த கணக்குப்படி பெட்ரோல் அடிக்கும். நீண்ட நேர் ரோட்டில் முறுக்கி ஓட்டும்போதுதான் எஞ்சின் அடி வாங்குகிறது. பெண்டு பைப்பையே மாற்றி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றுபவர்கள், பல மாடல்களில் அந்த சென்சார் உட்காரும் இடத்தையும் சேர்த்துத் தொலைக்கிறார்கள்.

ஓடும்போது கில் சுவிட்சை அணைத்துப் போட்டு ‘வெடி’ போடுவது தனி வியாதி. சுவிட்ச் அணைந்த நேரத்தில் எரியாத பெட்ரோல் ஆவி சைலன்சருக்குள் போகிறது, மறுபடி போட்டதும் அங்கே தீப்பிடிக்கிறது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் தேன்கூடு உருகி அடைப்பதும், சைலன்சரின் தையல் வெல்டு பிளப்பதும் இதனால்தான்.

கிளாஸ் வூல் வகை சைலன்சர்கள் புதிதில் கனமான, அழகான ஒலி தரும், மறுக்கவில்லை. துளையிட்ட குழாயைச் சுற்றிச் சுருட்டிய கண்ணாடிப் பஞ்சுதான் அந்தச் சத்தத்தை மென்மையாக்குகிறது. சூடும் ஈரமும் பட்டுப் பஞ்சு பொடிந்து வாய் வழியாகப் பறக்கும். பிறகு வெறும் தகர டப்பாதான் கத்துகிறது. பஞ்சு மாற்றுவது கஷ்டமில்லை. மூடி ரிவெட்டை ட்ரில் போட்டு எடுத்து, குழாயின் துளைகளைக் கம்பி பிரஷால் தேய்த்து, புதுப் பஞ்சை ஒரே சீராகச் சுற்றி மெல்லிய ஸ்டீல் கம்பியால் கட்டி உள்ளே விட வேண்டும். கையுறையும் மூக்குக்குத் துணியும் கட்டாயம். சத்தத்தைக் குறைக்க வாயில் போல்ட் போட்டு நிற்கும் டிபி கில்லரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, போலீஸ் செக்கிங் என்று தெரிந்தால் மாட்டிக்கொள்கிறவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

குட்டைச் சைலன்சர்களில் ஹீட் கார்டு இருக்காது. பின்னால் ஒருபக்கமாக உட்காரும் அம்மாவின் புடவை ஓரமும், இறங்கும்போது அக்காவின் கெண்டைக்காலும் அதில் பட்டுத்தான் ஆக வேண்டும். ‘சைலன்சர் சூடு’ வடு இல்லாத குடும்பம் நம்ம ஊரில் குறைவு. அதை இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டுமா?

சட்டம், சுருக்கமாக

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மீறிப் பாகம் மாற்றினால் 182ஏ(4)-படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டினால் 190(2)-படி 10,000 வரை, லைசென்சும் மூன்று மாதம் முடங்கும். புகையைச் சைலன்சர் வழியாக விடாமல் வேறு வழியில் திறந்துவிட்டால் 194எஃப் படி முதல் தடவை 1,000, அடுத்து 2,000. ஐரோப்பிய முத்திரை குத்திய விலை உயர்ந்த சைலன்சர் என்பதால் ஆர்சியில் எதுவும் மாறிவிடாது.

கடைக்காரர் ‘80 டெசிபல்தான் தம்பி, கம்பெனி லிமிட்டுக்குள்ள’ என்று போன் ஆப்பைக் காட்டினால் நம்ப வேண்டாம். 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு 80 என்பது தொழிற்சாலைச் சோதனைக்கான வரம்பு. முழு ஆக்சிலரேட்டரில் கடந்து போகும் வண்டியை 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் அளப்பது அது. 80-லிருந்து 175 சிசி வரை 77, அதற்குக் கீழே 75. கடை வாசலில் ஐடிலிங்கில் நிற்கும் வண்டிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. போன் மைக் மனிதக் குரலுக்குச் செய்தது, பெருஞ்சத்தத்தை அது அமுக்கித்தான் காட்டும்.

உண்மையில் உங்களைக் காட்டுவது

சைலன்சருக்கு எடுத்து வைத்த பணத்தில் கால்வாசி இருந்தால் இவ்வளவும் முடியும்.

முதலில் ஹாரன். அது முன்னால் பார்த்து ஒலிக்கிறது, வேண்டும்போது மட்டும் ஒலிக்கிறது, மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸில் அதன் சக்தி நிறைய இருக்கிறது. நம்ம ஊர் உப்புக்காற்றில் ஹாரன் டெர்மினலில் பச்சை பூத்துக் குரல் கம்மும். இணைப்பைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, லேசாக வாசலின் தடவி மாட்டினாலே பழைய குரல் வரும். வரவில்லையென்றால் பின்னால் உள்ள திருகைக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். வாய் மேல்நோக்கி இருந்தால் மழைத் தண்ணீர் தேங்கும், கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். பாம்பன் பாலத்தில் எதிர்க்காற்றில் ஹாரனையும் நம்பாதீர்கள். பகலிலும் லைட்டை டிப் அடிப்பதுதான் அங்கே பேச்சு.

லைட் என்றால், 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் முகப்பு விளக்கு தானே எரியும். பழைய வண்டிக்காரர்கள் கையால் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கண்ணாடியில் படியும் உப்புப் படலத்தை வெறுந்துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுத்தான் துடைக்க வேண்டும், ஹெல்மெட் வைசருக்கும் இதே முறை.

பின்னால் அடிப்பதற்கு மருந்து பிரேக் லைட்டும் ரிஃப்ளெக்டர் டேப்பும். இரவில் வண்டியின் பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி நிறுத்தி, முன் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். சுவர் சிவக்கிறதா? கடற்கரை வண்டிகளில் முன் லீவர் அடியில் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்ச் உப்புப் பிடித்துச் செத்திருப்பது சாதாரணம். கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்துத் தடவை அமுக்கிவிட்டால் பல நேரம் உயிர் வரும், இல்லையென்றால் சுவிட்ச் மாற்றுவது பத்து நிமிட வேலை. சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப்பை மட்கார்டிலும், மீன் பெட்டி கட்டும் வண்டியென்றால் பெட்டியின் பின்பக்கத்திலும் ஒட்டுங்கள். பெட்டி பின்விளக்கை மறைக்கிறதா என்று பத்தடி தள்ளி நின்று பாருங்கள். மறைக்கும்.

பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் தெரிந்திருக்க வேண்டும். 60-இல் போகும்போது ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்றரை வினாடி, 25 மீட்டர். நல்ல ரோட்டில் பிடித்து நிற்க இன்னொரு 23. மொத்தம் 48 மீட்டர். 80-இல் அது 74 ஆகிவிடும். மீன் லாரியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிய இடத்திலோ மணல் படிந்த இடத்திலோ டயரின் பிடி பாதியாகக் குறைந்தால், பிடித்து நிற்கும் பகுதி இரட்டிப்பாகும்.

தலைக்கு ஐஎஸ்ஐ முத்திரை ஹெல்மெட், வாரைக் கட்டித்தான். மரணத்தை ஏறக்குறைய 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் ஹெல்மெட் குறைக்கிறது என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சத்தமான சைலன்சரோடு ஹெல்மெட்டை டேங்கில் மாட்டிக்கொண்டு போகிறவர் ‘பாதுகாப்புக்காகத்தான் சத்தம்’ என்று சொல்லும்போது சிரிப்பதா, அழுவதா தெரியவில்லை. அந்தச் சத்தத்தை அதிக நேரம் கேட்பதும் அவரேதான். 85 டெசிபலை எட்டு மணி நேரம் காது தாங்கும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்குக் கால்மணி நேரம்தான். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 50 கிலோமீட்டருக்கு மேல்.

கேட்காமலே வந்த சத்தம்

இந்தச் சண்டையில் யாரும் பேசாத ஒரு கூட்டம் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் கத்திக்கொண்டு போகும் வண்டிகளில் பல, ஆசைக்கு மாற்றியவை அல்ல. உப்பு தின்று ஓட்டை விழுந்தவை. மீன் ஏற்றும் எக்ஸ்எல், பழைய ஸ்ப்ளெண்டர், உப்பளத்துக்குப் போய்வரும் வண்டி.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகி, நீராவியாகப் புகையோடு வருகிறது. வீட்டிலிருந்து ஏலக்கூடம், ஏலக்கூடத்திலிருந்து கடை என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் சைலன்சர் முழுக்கச் சூடேறாது. நீராவி உள்ளேயே குளிர்ந்து அடியில் தேங்கும். அது வடியத்தான் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை வைத்திருக்கிறார்கள். மணலும் கரியும் அதை அடைத்துவிட்டால் உள்ளிருந்து துரு, வெளியே உப்பு. இரண்டும் வெல்டுத் தையலில் சந்திக்கும்.

கசிவு எங்கே என்று பார்க்க வண்டி ஆறியிருக்க வேண்டும். பெண்டு பைப் எஞ்சினில் சேரும் இடம், நடு இணைப்பு, அடித் தையல் மூன்றிலும் சோப்புத் தண்ணீரைப் பூசி, ஸ்டார்ட் பண்ணி, சைலன்சர் வாயை ஈரத்துணியால் ஒன்றிரண்டு வினாடி பாதி அடையுங்கள். நுரைக்கும் இடம் ஓட்டை. எஞ்சின் வாயில் கரும்புகைத் தடம் இருந்தால் சோப்பே வேண்டாம், இணைப்புக்கு நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் வளையம் போயிருக்கிறது. பிஎஸ் 6 வண்டியில் அந்த இடத்துக் கசிவு வெளிக்காற்றை உள்ளே இழுத்து சென்சாரை ஏமாற்றும். ஈசியு பெட்ரோலை அதிகமாக ஊற்றும், மைலேஜ் விழும்.

கேஸ்கெட் ஒரு தடவை நசுங்கினால் நசுங்கியதுதான், சைலன்சரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். துருப்பிடித்த நட்டை வேகத்தில் திருகினால் ஸ்டட் எஞ்சின் ஹெட்டை ஒட்டி முறியும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, காலையில் கொஞ்சம் முன்னும் பின்னுமாக ஆட்டித்தான் எடுக்க வேண்டும். மாட்டும்போது முன் நட்டுகளையும் பின் போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் ஏற்றுங்கள். பிறகு முன் நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் பின் போல்ட். பின்னதை முதலில் இறுக்கினால் பைப் இழுத்துக்கொண்டு நின்று மறுபடி கசியும், பிராக்கெட்டும் விரியும்.

ஓட்டைக்கு எம்-சீல் வைப்பது இரண்டு நாள் வேலை, சூட்டில் உதிர்ந்துவிடும். சைலன்சரை வண்டியிலிருந்து முழுக்கக் கழற்றி, பளிச்சென்ற இரும்பு தெரியும் வரை துருவைத் தேய்த்து, ஒன்றரை மில்லி தகடு வைத்து வெல்டு வைக்க வேண்டும். வண்டியிலேயே வைத்து வெல்டு போட்டால் ஈசியு, பேட்டரி, ரெக்டிபையர் எது போகும் என்று சொல்ல முடியாது. தேய்த்தும் இரும்பு தெரியாமல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தால் வெல்டருக்குக் காசு கொடுக்க வேண்டாம், கம்பெனி சைலன்சரே வாங்கிவிடுங்கள். வெல்டு வைத்த இடத்துக்குச் சாதாரண பெயிண்ட் நிற்காது, 600 டிகிரி தாங்கும் சில்வர் பெயிண்ட் இரண்டு கோட்டு.

வெல்டர் தகடு வைக்கும்போது அந்த வடிகால் துளையையும் சேர்த்து மூடிவிடுவார், பெரும்பாலும் ஓட்டை என்று நினைத்து. வாங்கி வரும் முன் தடவிப் பாருங்கள். மூடியிருந்தால் 3 மில்லி ட்ரில் போட்டு மறுபடி திறக்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு தடவை மெல்லிய கம்பி விட்டுக் குத்தி, வண்டியைச் சைடு ஸ்டாண்டில் விடாமல் நிமிர்த்தி நிறுத்திவையுங்கள். காலையில் தரையில் கரும்தண்ணீர் ஒரு கைப்பிடி அகலம் பரவியிருந்தால் துளை திறந்திருக்கிறது.